ஆறுக்கு அப்புறம் எட்டு

இதை எழுதுகிறவளுக்கு மூளை தேய்ந்துவிட்டது என்று பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எழுதி வைத்தார்கள். போகிற போக்கில் எழுதவில்லை, காரணங்களைக் காட்டி எழுதினார்கள். அந்தக் காகிதத்தை நானே பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. தேய்ந்த மூளையை வைத்துக்கொண்டு இவள் எப்படி இத்தனை பக்கம் எழுதுகிறாள் என்று கேட்கிறவர்களுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி என்றாலே பயப்படுகிறவர்களுக்கும் இது கொஞ்சம் உதவும்.

என் பெயர் அஞ்சலை. செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. என் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள், சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட என் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. ஆனால் எழுதினால் தோஷமில்லை என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன், இல்லாவிட்டால் இந்தக் கதையை எழுதவே முடியாது. பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரில் இருக்கிற எண்ணையும் சொல்லமாட்டேன். கடையில் படி போட்டு அரிசி அளக்கும்போது ஆறு வரைக்கும் உரக்க எண்ணுவேன், அடுத்த படிக்கு மூச்சை மட்டும் இழுத்துக்கொள்வேன், பிறகு எட்டு. வாடிக்கைக்காரர்கள் யாரும் ஒரு படி குறைகிறது என்று சண்டைக்கு வந்ததில்லை. அந்த மூச்சு எந்த எண் என்று செஞ்சிக்கே தெரியும்.

எண்பதாம் வருஷம் பொங்கல் கழிந்து ஒரு மாதத்தில் தலைவலி ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் மண்டைக்குள் யாரோ உரலைப் போட்டு இடிப்பார்கள். பிறகு இடது கால் இழுக்க ஆரம்பித்தது. கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். மிளகாய் கேட்டவருக்கு மல்லி கட்டிக் கொடுத்தேன். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். என் மருமகள் சரோஜா நான் அடுப்பை விட்டு நகர்ந்ததும் குழம்பை ருசி பார்த்து, புளித்தண்ணீர் விட்டுச் சரிசெய்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி பரிமாறுவாள். அதை நான் ஒருநாள் பார்த்துவிட்டேன். பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. மருமகளாக வந்தவள் மாமியார் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்றால் அதைக் கெடுக்கக் கூடாது.

பால் பொங்கி அடுப்பு அணைந்து, நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் வீட்டுக்காரருக்குப் பயம் வந்தது. செஞ்சி டாக்டர் பார்த்துவிட்டு, இது பட்டணத்தில் பார்க்க வேண்டியது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். கடையை மகனிடம் விட்டுவிட்டு, நான், அவர், சரோஜா மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் முதலில் சீட்டுப் போடுகிற ஜன்னல். குமாஸ்தா வயசு கேட்டார். எனக்கு ஐம்பத்தாறு. என் வீட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், "அறுவத்தெட்டு போடுங்க" என்றார்.

"இன்னாங்க இது, ஒரே மூச்சுல கெழவி ஆக்கிட்டீங்க?" என்றேன்.

"சும்மா இரு. வயசு கூட இருந்தா பாவம்னு நல்லா பாப்பாங்க."

அவர் நல்லது நினைத்துத்தான் செய்தார். அந்தப் பன்னிரண்டு வருஷம் என்னோடு வார்டு வரைக்கும் வந்தது.

பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரம் கட்டில் கிடைத்தது. பகலில் சரோஜா கூட இருக்கலாம், ஆண்கள் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வரலாம். ரத்தம் எடுத்தார்கள். மூத்திரம் கேட்டார்கள். சுத்தியல் மாதிரி ஒன்றை வைத்து முழங்காலில் தட்டினார்கள், வலது கால் மரியாதையாக எழும்பியது, இடது கால் உதைத்தது. தலையில் பசை தடவி ஒயர் ஒட்டி, மூளையில் ஓடுகிற கரண்டைக் காகிதத்தில் கோடாக இழுத்தார்கள். வலிக்கவே இல்லை, பசையைத் தலையிலிருந்து எடுப்பதுதான் பெரிய பாடு. நான் பாதி நேரம் தூக்கத்தில் இருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு சின்ன டாக்டர் வந்தார். வடக்கே பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார், அது பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். ஞாபகசக்தியைச் சோதிக்க வேண்டும், சொந்தக்காரர்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று சரோஜாவை வெளியே அனுப்பிவிட்டார்.

"உங்கள் கணவரின் பெயர் என்ன?"

முன்பின் தெரியாத ஆம்பிளை, கேட்கக் கூடாததைக் கேட்கிறார். நான் தலையைக் குனிந்து சிரித்தேன். அவர் எழுதிக்கொண்டார். திரும்பக் கேட்டார். திரும்பச் சிரித்தேன். அதையும் எழுதிக்கொண்டார்.

"ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுங்கள்."

எண்ணினேன், கடையில் எண்ணுகிற மாதிரியே. இரண்டு இடத்தில் மூச்சு இழுத்தேன்.

"வாரத்திற்கு எத்தனை நாட்கள்?"

இதற்கு என்ன செய்வது? "ஞாயித்துக்கெழம தொடங்கி சனிக்கெழம வரைக்கும்" என்றேன்.

"எத்தனை நாட்கள் என்று கேட்டேன்."

"அதாங்க, அது அத்தனையும்."

"இந்த நாட்டின் பிரதமர் யார்?"

"ரெண்டு வருசத்துக்குள்ள மூணு பேர் மாறிட்டாங்க, நீங்க எந்த மாசத்தைக் கேக்கறீங்க?" என்றேன். என் பங்குக்கு நல்ல பதில் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். அவர் அதற்கும் பேனாவை எடுத்தார்.

சொல்லக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தூக்கம் கண்ணை இழுத்துக்கொண்டிருந்தது. அதோடு, சொல்லக் கூடாது என்பது தெரியாத மனுஷர் இருப்பார் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் சின்ன டாக்டர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். வயசாக ஆக மூளை சுருங்கும், வெயிலில் போட்ட சுண்டைக்காய் வற்றலாகிற மாதிரி. சிலருக்கு அது சீக்கிரமாக நடக்கும். முதலில் பொருளை மறப்பார்கள், பிறகு வழியை மறப்பார்கள், கடைசியில் ஆளை மறப்பார்கள். மருந்து கிடையாது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், சரோஜா கண் சிவந்து வந்தாள், வீட்டுக்காரர் சீப்பு வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலில் என் பின்னால் உட்கார்ந்து தலை வார ஆரம்பித்தார். சாக்கு மூட்டை தைக்கிற கை, சடையைச் சணல் கயிறு மாதிரி முறுக்கியது.

"இன்னாங்க பண்றீங்க? வலிக்குது. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். சரோஜா, இப்ப சடையில எந்தக் காலு மேல வரணும்?"

"நடுவுல இருக்கறத எடுங்க மாமா."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இனிமேல் எனக்கு எல்லாம் தானே செய்ய வேண்டியிருக்கும் என்று அவர் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சோறு வடிக்கவும் சரோஜாவிடம் பாடம் கேட்டாராம். கடைசியில் ஆளை மறப்பார்கள் என்ற இடத்தை மட்டும் அவர் சரோஜாவிடம்கூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் லலிதா வந்தாள். அவள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ரெக்கார்டு ரூமில் வேலை. அந்த வேலையை அவள் எனக்குப் பிறகு விளக்கினாள். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் அதில் ஒரு எண். டாக்டர் கேஸ் ஷீட்டில் என்ன நோய் என்று எழுதுவார், லலிதா புத்தகத்தைப் பார்த்து எண் போடுவாள். கடைச் சரக்குக்குத் தனித்தனி டப்பா மாதிரி. எந்த ஊரில் எந்த நோய் எத்தனை பேருக்கு என்று அதை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்களாம்.

என் நோய்க்கு மட்டும் புத்தகத்தில் இரண்டு டப்பா இருந்தது. வயசான தளர்ச்சி மட்டும் என்றால் கடைசிப் பக்கங்களில் ஒரு எண். புத்தியும் பேதலித்துவிட்டது என்றால் மனநோய்ப் பக்கத்தில் வேறொரு எண். சின்ன டாக்டர் மொட்டையாக முதுமை மூளைத் தேய்வு என்று எழுதியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். லலிதா ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கே வந்து, என் கட்டில் பக்கத்தில் நின்று, முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

"கணவர் பெயர் சொல்லத் தெரியவில்லை. காரணமின்றிச் சிரிக்கிறார்" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். "எண்ணும்போது இரண்டு எண்களை விடுகிறார். ஏழு, பதினேழு. வாரத்தின் நாட்கள் எத்தனை என்பதற்கு நேரான பதில் இல்லை." பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். கணவர் பெயர் என்ற இடத்தில் விரலை வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, நீங்க எந்த ஊரு?"

"செஞ்சி."

"நான் திண்டிவனம். எங்க அப்பா பேரு கோவிந்தன். எங்க அம்மா திருப்பதி போனாக்கூட கோவிந்தா போடமாட்டாங்க, ஊரே கத்தும்போது கைய மட்டும் தூக்குவாங்க." குனிந்து என் காதருகில் கேட்டாள். "ஆறுக்கு அப்புறம் என்னம்மா?"

"எட்டு" என்றேன்.

லலிதா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஓடினவள், திரும்பி வரும்போது பெரிய டாக்டரையும் சின்ன டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பெரிய டாக்டர் வேட்டி கட்டினால் ஊர்ப் பெரியவர் மாதிரி இருப்பார். ஷீட்டைப் படித்தார், சின்ன டாக்டரைப் பார்த்தார். "என் சம்சாரத்தை இந்தப் பரீட்சைக்கு அனுப்பினா அவளும் ஃபெயில்தான்யா" என்றார். சின்ன டாக்டருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் நோயைப் பற்றி என்னிடமே கேள்வி கேட்டார்கள். அதுவரை நடந்த கேள்வியெல்லாம் என் வீட்டுக்காரரிடம். பதில் சொல்லத் தெரியாதவள் என்று எழுதின பிறகு அவளிடம் யார் கேட்பார்கள்? தலையில் அடிபட்டதா என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள், அவர் இல்லை என்றிருக்கிறார். அவருக்குத் தெரிந்தால்தானே சொல்லுவார்?

"தலையில எங்கேயாவது இடிச்சுக்கிட்டீங்களாம்மா? ரெண்டு மூணு மாசத்துக்குள்ள?"

"இடிச்சுதுங்க. மார்கழியில பனமலை கோயிலுக்குப் போய்ட்டு வரச்சொல்ல பஸ்ஸு பள்ளத்துல எறங்கிச்சு. நான் நின்னுக்கினு வந்தேன். மேல கம்பியில நல்லா மோதிச்சு."

"வீட்டில சொல்லலையா?"

"சொன்னா அடுத்த தடவ போவ உடமாட்டாரு."

பெரிய டாக்டர் என் வயசையும் கேட்டார். ஐம்பத்தாறு என்றதும் ஷீட்டில் இருந்த பன்னிரண்டு வருஷத்தை அடித்தார். இருட்டு அறையில் சின்ன விளக்கை என் கண்ணருகில் வைத்து உள்ளே பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு வீங்கியிருக்கிறது, தலைக்குள் ஏதோ அழுத்துகிறது என்றார். அன்று மத்தியானமே கழுத்து ரத்தக் குழாயில் ஊசி வழியாக மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்து ஏறும்போது முகம் பாதி தீப்பிடித்த மாதிரி எரிந்தது. ஒன்றிரண்டு நிமிஷம்தான். இந்தச் சோதனை இருக்கிறது என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும்.

படத்தில் தெரிந்துவிட்டது. பஸ் கம்பி மோதியதில் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கியிருந்தது. அது மூளையை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது. மூளை தேயவில்லை, இடமில்லாமல் நெருக்கப்பட்டுக் கிடந்தது. மண்டையில் இரண்டு ஓட்டை போட்டு ரத்தத்தை வடித்துவிட்டால் சரியாகும். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தால் சித்திரை மாதத்தைப் பார்த்திருக்கமாட்டேன் என்று பெரிய டாக்டர் பிற்பாடு சொன்னார்.

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஓட்டை என்ற வார்த்தையைக் கேட்டதும் கடைத்தெருவில் தச்சர் துளை போடுகிற கருவிதான் கண் முன்னால் வந்தது. அந்த நேரத்தில் நாவிதர் வந்து என் தலையை மொட்டை அடித்தார். பின்னல் கற்றுக்கொண்ட என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "நேத்துதான் சரியா வந்துச்சு" என்றார். அதில் எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்துக்கொண்டே உள்ளே போனேன்.

இனி சொல்லப்போவது சரோஜா சொல்லிக் கேட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மருந்து மயக்கம் கலைந்தும் கலையாமலும் நான் படுத்திருந்தபோது, திடீரென்று உரத்த குரலில் கூப்பிட்டேனாம்.

"ஏழுமலை! டேய் ஏழுமலை! கடை சாத்தியாச்சா?"

ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நர்ஸுக்கு ஏக சந்தோஷம். தெளிவாகப் பேசுகிறார், கணவர் பெயரைச் சரியாகச் சொன்னார் என்று ஷீட்டில் எழுதினாள். சின்ன டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம் ஓடினார்.

"ஐயா, உங்கள் பெயரைச் சொன்னார்கள்! மூன்று முறை!"

என் வீட்டுக்காரர் எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வாடா போடான்னு கூப்பிட்டாளா சார்?"

"ஆமாம், தெளிவாக."

"அப்ப அவ்ளோதானா சார்?" என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "நாப்பது வருசமா சொல்லாதவ சார். தெளிவா இருந்தா சொல்லமாட்டா. மூளை போயிடுச்சு சார் அவளுக்கு."

சின்ன டாக்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது மயக்கம், நாளைக்கு இறங்கும் என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டாராம். உள்ளே வந்து நர்ஸ் எழுதியதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். "குடும்பத்தார் கருத்துப்படி இன்னும் தெளியவில்லை." அந்த வரியை, பிற்பாடு சோதனைக்குத் திரும்பப் போனபோது லலிதா எனக்குக் காட்டினாள். அதைப் படித்த பிறகு அவர் மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச கோபமும் போய்விட்டது.

மறுநாள் காலையில் விழித்தேன். தலைவலி இல்லை. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தவில்லை. கட்டில் பக்கம் சின்ன டாக்டர், அவருக்குப் பின்னால் அனுமதி வாங்கி உள்ளே வந்த வீட்டுக்காரர், சரோஜா. சின்ன டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "கொஞ்சம் எண்ணுங்கள் அம்மா" என்றார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு" என்றேன். மூச்சை இழுத்தேன். "எட்டு."

"சரியாயிடுச்சு!" என்று என் வீட்டுக்காரர் கத்தியதில் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சரோஜா என் கால்மாட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சின்ன டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார், ஆனால் அவர் சிரிப்பதை நான் பார்த்தேன்.

பத்து நாளில் கால் இழுப்பது நின்றது. லலிதா கடைசியாக வந்தபோது வார்டுக்கு வருமுன் இரண்டு எண்ணையும் பென்சிலால்தான் குறித்து வைத்திருந்தாள் என்றும், அழித்துவிட்டுத் தலைக்காய எண்ணைப் பேனாவால் போட்டுவிட்டாள் என்றும் சொன்னாள். மூளை தேய்ந்தவர்கள் கணக்கில் அந்த வருஷம் ஒரு ஆள் குறைந்தது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் என்னை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, தலைக்கும் கம்பிக்கும் நடுவே அவர் கையை வைத்துக்கொண்டே வந்தார். திண்டிவனம் தாண்டிய பிறகு, மயக்கத்தில் நான் என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்பதை மெதுவாகச் சொன்னார். அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"ஏன் அழுவுற? எனக்கு இன்னா ஆயிடுச்சு? குத்துக்கல்லாட்டம் இருக்கறேன்" என்றார். மற்றக் கையால் என் கண்ணைத் துடைத்தார். "எங்கம்மா போனப்புறம் என்னை யாரும் அப்டிக் கூப்டதில்ல. கடையில மொதலாளி, வூட்டுல நைனா, மாமா. நான் வெளிய இருந்தேன், காதுல விழல. டாக்டரு சொல்லித்தான் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பஸ்ஸு சத்தத்துல யாருக்கும் கேக்காது. ஒரு தடவ சொல்லேன்" என்றார்.

"முடியாது."

"ஏன்?"

"அன்னிக்கு எனக்கு நெனவு இல்ல. இப்ப இருக்குது. இன்னும் ரொம்ப நாளு நீங்க எனக்கு வேணும்."

அவர் கையைக் கம்பியிலிருந்து எடுக்காமல், செஞ்சி வருகிற வரைக்கும் எதிர்ப்பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.